தெருவின் ஷெட்டும் என் பூட்டும்

எதிர்வீட்டுக் கன்னியப்பன் இறந்த அன்று, அவரைக் கிடத்தத் தேவைப்பட்ட பெஞ்சும், மேலே கட்டத் தேவைப்பட்ட தார்ப்பாயும் என் கார் ஷெட்டுக்குள் இருந்தன. ஷெட் பூட்டியிருந்தது. சாவி நாகர்கோவிலில், என் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பெஞ்சும் தார்ப்பாயும் என்னுடையவை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் கதைக்காக ஒளித்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட விஷயம். இப்போது கிளறியது ஒரு சுத்தியல். போன மாதம் என் மகள் வித்யாவின் குடும்பத்தோடு நானும் மேடவாக்கம் தாண்டி, பெரும்பாக்கம் போகும் வழியில் ஒரு புது வீட்டுக்குக் குடிவந்தேன். சுற்றுச்சுவர் போட்ட வளாகம். எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே சாம்பல் நிறம். வந்த முதல் வாரம் நடந்துவிட்டுத் திரும்பும்போது யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு காபி கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் நல்லவள். கொடுத்தாள்.

வீட்டில் கராஜ் மட்டும் அட்டைப் பெட்டிகளால் அடைந்து கிடந்தது. கார் வெளியே வெயிலில் நின்றது. "அப்பா, கராஜ் உங்க டிபார்ட்மெண்ட்" என்றாள் வித்யா. கிழவனுக்கு இப்படி ஒரு வேலை கொடுத்தால் சமையலறைப் பக்கம் வந்து நிற்கமாட்டான் என்பது அவள் கணக்கு. எனக்கு அது தெரிந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி. பொருளுக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒரு பொருள் என்று வாழ்ந்தவன். பெட்டிகளைப் பிரித்து, திருகாணிகளை அளவுவாரியாகக் காலி ஜாம் பாட்டில்களில் போட்டு, தரையைக் கழுவி, சிறுசேரியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வரவழைத்த இரும்பு ரேக்குகளைப் பொருத்தி முடித்தேன். கடைசியில் சுவரில் ஒரு பலகையை மாட்டினேன். ஆணியில் சுத்தியலைத் தொங்கவிட்டு, பென்சிலால் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்தேன். பாதிச் சுத்தியல் வரைந்ததும் கை நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னா சார், சுத்திக்கு போட்டோ புடிக்கிறியா?" என்று கேட்டதுபோல இருந்தது. பின்னால் வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டிதான் நின்றது.

சேலையூருக்கும் ராஜகீழ்பாக்கத்துக்கும் நடுவில் எங்கள் பழைய வீடு. இப்போது அங்கே போனால் எது எந்த ஊர் என்று கடைப் பலகையைப் படித்தால்தான் தெரியும். அப்போது நடுவில் முள்ளும் தண்ணீரும் நிறைய. தெருவுக்குத் தார் போடவில்லை. மழை வந்தால் ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடிக்கப் போகும் பெரியவர்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஸ்டேஷன் குழாயில் காலைக் கழுவிவிட்டு வண்டி ஏறுவோம்.

அந்த வீட்டை எனக்கு விற்றவர் பெர்னார்டு சார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மாதா கோயிலில் எல்லோருக்கும் வேண்டியவர், மகனோடு இருக்கத் திருச்சிக்குப் போய்விட்டார். வீட்டோடு ஒட்டி ஒரு கார் ஷெட் கட்டியிருந்தார். அவரிடம் கார் கிடையாது. வாங்கிய எனக்கும் கிடையாது. "தாம்பரத்துல கார் ஷெட்டுன்னா ஜனங்களுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் நிக்கற எடம்தான் ஞாபகம் வரும். இது அதைவிடக் கொஞ்சம் சின்னது" என்று சொல்லிச் சிரித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மண் தரை, தகரக் கதவு. உள்ளே நுழைந்தால் நனைந்த கயிறும் மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை. நீளமான மூங்கில் ஏணி, கடப்பாரை, மண்வெட்டிகள், ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவு மர பெஞ்ச், பச்சைத் தார்ப்பாய், பெரிய அண்டா, பெட்ரோமாக்ஸ் விளக்கு. இவற்றை எப்போது எடுத்துப்போவீர்கள் என்று நான் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போக என்னோடது இல்லையே சார். இதெல்லாம் தெருவோடது. ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்டது. கதவு சும்மா சாத்திதான் இருக்கும். வேணுங்கறவங்க எடுத்துப்பாங்க, கொண்டாந்து வெச்சுருவாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது என் சுபாவம் இல்லை. முதல் வருடத்திலேயே ஷெட்டுக்குச் சிமெண்ட் தரை போட்டேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். எங்கள் தொழிற்சாலையில் செய்வதுபோல ஒரு பெரிய பிளைவுட் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியையும் மாட்டி, அதன் வடிவத்தைக் கறுப்புப் பெயிண்டால் சுற்றி வரைந்தேன். ஷேடோ போர்டு என்று சொல்வோம். கருவி போயிருந்தால் அதன் உருவம் மட்டும் சுவரில் நிற்கும். என்ன இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். பலகையில் மாட்ட முடியாத பெஞ்சுக்குக்கூடத் தரையில் கோடு போட்டு இடம் ஒதுக்கினேன்.

அதைப் பார்த்துத்தான் கன்னியப்பன் போட்டோ பற்றிக் கேட்டார். எதிர்வீட்டுக்காரர். தாம்பரத்திலிருந்து கோவளம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அந்த மண்ணிலேயே பிறந்தவர். நாங்கள் எல்லாம் மனை வாங்கி வந்து சேர்வதற்கு முன் அங்கே இருந்த சில வீடுகளில் அவருடையதும் ஒன்று. தெரு உயர உயர அவர் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. "நான் எங்கியும் போவல சார், நீங்கல்லாந்தான் மேல பூட்டீங்க" என்பார். கோவளத்திலிருந்து வரும் நாட்களில் டிக்கெட் பையோடு ஒரு மீன் பையும் வரும். நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள். இருந்தாலும் வாசலில் நின்று, "சார், இன்னிக்கி வஞ்சிரம், வாசனையாச்சும் புடிச்சிக்கோ" என்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவார். என் மனைவி கமலா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவர் ஏணி எடுக்க வந்தால் தனி அழகு. முன்னால் ஒருவர், பின்னால் இவர். வாயில் விசில். ஹோல்டான், ரைட் என்று குரல் கொடுத்துத் தெருவையே பஸ் ஸ்டாப் ஆக்கிவிடுவார்.

எனக்கு அந்த விசில் பிடிக்கும். ஏணி திரும்பி வராததுதான் பிடிக்காது. ஒரு வீட்டுக்குப் போன ஏணி அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும், பிறகு மாதா கோயில் நட்சத்திரம் கட்டப் போகும். யாருக்கும் அது தொலைந்துவிட்டதாகத் தோன்றாது. எனக்கு மட்டும் ஆபீஸ் விட்டு வந்ததும் பலகையில் காலியாக நிற்கும் வடிவங்கள் கண்ணில் உறுத்தும். மண்வெட்டி இல்லாத மண்வெட்டி, கடப்பாரை இல்லாத கடப்பாரை. சட்டையைக்கூடக் கழற்றாமல் வீடு வீடாகப் போய் விசாரித்து எடுத்து வருவேன். "சார் ரவுண்ட்ஸ் கிளம்பிட்டாரு" என்று பிள்ளைகள் சொல்வது காதில் விழும். கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கார் வாங்கினேன். பழைய கார்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் கார். வாங்கிய புதிதில் யாரோ ஏணியை உருவும்போது அதன் கால் உரசி, காரின் கதவில் ஒரு நீளக் கீறல். யார் என்று தெரியவில்லை. கேட்டபோது ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த மாதமே தகரக் கதவைக் கழற்றிவிட்டு ரோலிங் ஷட்டர் போட்டேன். நல்ல பித்தளைப் பூட்டு. வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன், ஞாயிறு முழுக்க இருப்பேன் என்று எல்லா வீட்டிலும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. கன்னியப்பன் மட்டும் தினமும் வாசலில் நின்று, "ஸ்டோர்ஸ் தொறந்துகீதா சார்? கையெய்த்து எங்க போடணும்?" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் போவார். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியும் நின்றது.

கமலாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே ஒப்பவில்லை. சாவியை வாசல் பக்கம் ஓர் ஆணியில் மாட்டி வைக்கலாமே என்றாள். ஆணியில் சாவி தொங்கினால் பூட்டு எதற்கு என்று கேட்டேன். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள்.

ஐப்பசியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். நாகர்கோவில் கிளம்பும்போது நல்ல மழை. ஆட்டோ வந்து நின்றபிறகு கமலா, "ஷெட்டு சாவிய எதிர்வீட்டு சரோஜாகிட்ட குடுத்துட்டு வந்துடட்டுமா? மழைக்காலமா இருக்கு" என்றாள். சரோஜா கன்னியப்பனின் மனைவி. வண்டிக்கு நேரமாகிறது, போய்விட்டு உடனே வரப்போகிறோம் என்று சொல்லி கமலாவை ஏறச் சொன்னேன். குடை பிடித்தபடி கன்னியப்பன் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வாயில் விரலை வைத்து ஒரு விசில் கொடுத்து, ரைட் என்று கையை ஆட்டினார். ஆட்டோ நகர்ந்தது.

கல்யாணம் முடிந்து திரும்பியபோது தெருவில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டில் எனக்கு முதலில் தெரிந்தது, கதவு இல்லை என்பது. வாசல் நிலையில் ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திருடனா என்றுதான் நினைத்தேன். ஸ்டோர்ஸ்காரன் புத்தி வேறு எங்கே போகும்?

பக்கத்து வீட்டு மேரி டீச்சர் சொன்னார். நாங்கள் போன மறுநாள் விடியற்காலையில் கன்னியப்பனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகத் தண்ணீரில் வண்டி வரவில்லை. தூக்கிக்கொண்டு பாதி வழி போகும்போதே முடிந்துவிட்டது. திரும்பிக் கொண்டுவந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கிடத்த இடமில்லை. தெருவில் யார் வீட்டில் இப்படி நடந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்ய எல்லோரும் ஷெட்டுக்கு வந்தார்கள். ஷட்டர் முன்னால் நின்றபிறகுதான் பூட்டு ஞாபகம் வந்திருக்கிறது. உடைக்கலாம் என்றால் கடப்பாரை உள்ளே இருந்தது. கன்னியப்பனின் மகன் முரளி எங்கிருந்தோ ஓர் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து பூட்டுக்குள் கொடுத்து நெம்பப் போனான். சரோஜாதான் தடுத்திருக்கிறாள்.

"வோணாம்டா. சாரு ஆசையா போட்ட கதவு. உங்கப்பா இருந்தா ஒடைக்க வுட்ருப்பாரா?"

முரளி கம்பியைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய், வாசல் கதவைக் கீலிலிருந்து கழற்றினான். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, மேலே கதவை வைத்து, அதில் அப்பாவைக் கிடத்தினான். தார்ப்பாய்க்குப் பதிலாகத் தெரு ஜனங்கள் முறை வைத்துக் குடை பிடித்தார்கள். "சாயங்காலம் வரைக்கும் புடிச்சோம் சார்" என்றார் மேரி டீச்சர். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. கை வலித்ததைத்தான் சொன்னார்.

என் கதவை உடைக்க மனம் வராமல் அவர்கள் தங்கள் கதவைக் கழற்றியிருக்கிறார்கள். நான் எதிர்வீட்டுக்குப் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. சரோஜா, "சாவி கேக்கலாம்னுதான் பாத்தோம் சார். நீங்க ஊர்ல இல்ல. பரவால்ல" என்றாள். முரளி வாசலில் அந்தக் கதவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

அன்று மாலையே பூட்டை எடுத்து ஏரியில் போட்டேன். அப்போது அது பெரிய காரியமாகத் தோன்றியது. ஷட்டரைத் தூக்கி வைத்துவிட்டு, இனி எப்போதும் திறந்திருக்கும் என்று மறுபடி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் "சரிங்க சார்" என்றார்கள். யாரும் வரவில்லை. சிலர் சொந்தமாக ஏணி வாங்கிவிட்டார்கள், சிலர் பக்கத்துத் தெருவில் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் இறந்தபோது, நானே ஆள் பிடித்து பெஞ்சையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே வாடகைக்குச் சாமியானா போட்டு, நாற்காலி அடுக்கியிருந்தார்கள். துக்க வீட்டில் பெஞ்ச் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

எதிர்வீட்டில் கதவைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். பிணம் கிடந்த கதவை மறுபடி வாசலில் மாட்டலாமா என்று தெருவில் சிலர் பேசினார்கள். சரோஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்க மழையில் கிடந்த மரம் உப்பிவிட்டது. திறந்து மூடும்போதெல்லாம் தரையில் தேய்ந்து ஒரு சத்தம் போடும். காலையில் முரளி வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, மாலையில் வரும்போது ஒரு தடவை. பேப்பரை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். வந்ததும்தான் அடுத்த பத்தி ஓடும். ஒருநாள் தச்சரை அழைத்துக்கொண்டு போய், நல்ல மரத்தில் ஒரு புதுக் கதவு போட்டுத் தருகிறேன் என்று முரளியிடம் கேட்டேன்.

"வேணாம் சார். கதவு நல்லாத்தான் கீது. கொஞ்சம் தூக்கி சாத்தணும், அவ்ளோதான்."

தச்சரும் நானும் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகும் முரளி என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வான், மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வான். ஷெட்டுக்குள் மட்டும் கால் வைக்கமாட்டான். வருடங்கள் இப்படியே போயின. தெருவுக்குத் தார் வந்தது, பாதாளச் சாக்கடை வந்தது. என் பலகையில் கருவிகள் அதனதன் கோட்டுக்குள் அசையாமல் தொங்கின. ஒரு நாள்கூட எதுவும் குறையவில்லை.

கமலா போனது ஒரு பங்குனி மாதம், காலை நேரம். வித்யா அப்போது பெங்களூரில் இருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எதிர்வீட்டுக் கதவு தேயும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஷெட்டுப் பக்கம் இழுபடும் ஓசை. எழுந்துபோய் ஜன்னலில் பார்த்தேன். முரளி. அவனுக்கும் அப்போது தலை நரைத்திருந்தது. பெஞ்சை ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் இன்னொருவரும் தூக்கி வந்து வாசலில் போட்டார்கள். மறுபடி போய்த் தார்ப்பாயையும் கயிற்றையும் கொண்டுவந்தான். ஏணியைச் சாத்தி மேலே ஏறி, வெயில் விழாதபடி இழுத்துக் கட்டினான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சரோஜா உள்ளே வந்து கமலாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபிறகு நான் ஷெட்டுக்குப் போனேன். ஏணிக்கான இடம் காலி, கயிற்றுக்கான இடம் காலி, தரையில் பெஞ்சின் கோடு மட்டும். அத்தனை வருடத்தில் முதல் தடவை. அங்கே நின்றுதான் நான் அழுதேன். பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் முரளி ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து மாட்டினான். போகும்போது வாசலில் நின்றான்.

"எல்லாம் அதது எடத்துல வெச்சுட்டேன் சார். ஒரு தபா பாத்துக்கோங்க."

பார்க்க வேண்டாம் என்றேன். அன்று அவனிடம் முதல் தடவையாக நேராகச் சொன்னேன். உன் அப்பாவுக்கு நான் செய்தது தவறு முரளி என்றேன். அவன் பலகையைப் பார்த்தான். "அவரு இருந்தா உங்கள ஓட்டியே சாவடிச்சிருப்பாரு சார்" என்றான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு இரண்டு வீட்டையும் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வாங்கி இடித்தார்கள். முரளி மாடம்பாக்கத்துக்குப் போனான். ஷெட்டுச் சாமான்களைப் புதிய குடியிருப்புக்குத் தருகிறேன் என்றேன். வைக்க இடமில்லை என்றார்கள். அண்டாவும் கடப்பாரையும் பழைய இரும்புக்குப் போயின. பெஞ்சை முரளி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு ஒரு பெஞ்ச் தேவைப்பட்டிருக்கலாம்.

இங்கே, இந்தச் சாம்பல் வீட்டின் கராஜுக்கு, போனிலேயே திறந்து மூடும் ஷட்டர் போட்டிருக்கிறார் மாப்பிள்ளை. பகலில் அதை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அங்கிள், சேஃப்டி" என்றார். பகலில் நான் இங்கேயேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னபிறகு ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பையனிடம், ஏணியோ சுத்தியலோ வேண்டுமானால் கேட்காமலே எடுத்துக்கொள் என்று சொல்லிவைத்தேன். "தேங்க்ஸ் அங்கிள். ஆப்ல புக் பண்ணா ஆளே ஏணியோட வந்துடறான்" என்றான். மரியாதையான பையன். அன்று காபி குடித்த வீட்டில் நான் விட்டுவந்த செருப்பைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

பாதியில் நின்ற சுத்தியலை நேற்று வரைந்து முடித்துவிட்டேன். ஏணி, ரம்பம், ஸ்பானர்கள், எல்லாவற்றுக்கும் கோடு போட்டாயிற்று. இன்று மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.